நிதானத்தின் முதல் கீறல்

பணிமனையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நிதானம். பதினான்கு வருடமாகப் பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறாள். இத்தனை காலத்தில் ஒரு சைக்கிளின் மட்கார்டைக்கூட அவள் வண்டி உரசியதில்லை. சிக்னலில் மஞ்சள் விழுவதற்கு முன்பே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் அவர்களும் நிதானமாகிவிடுவார்கள். "நிதானம் வண்டியில ஏறினா நிம்மதியா தூங்கலாம், முழிச்சுப் பார்த்தா அதே ஸ்டாப்லதான் இருப்போம்" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. விபத்துப் பதிவேட்டில் தன் பெயர் இல்லை என்பது ஒன்றே அவளுக்குப் போதுமான பதில்.

அப்பேர்ப்பட்டவள் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டது ஒரு வீம்பில்தான். ஒருநாள் மதியம் டைம் கீப்பர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். ஏதோ ஒரு குளிர் நாட்டில் பேருந்து ஓட்ட ஆட்கள் தேவை, இரண்டு வருட ஒப்பந்தம், முதல் வருடம் முடிந்தால் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். கூடி நின்று படித்தவர்களில் ஒருவர், "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவர் சொன்ன அந்த 'நமக்கு' என்ற வார்த்தைக்குள் தன்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள்.

அதன் பிறகு மூன்று கட்டம். மொழித் தேர்வு, திடலில் ஓட்டிக் காட்டும் தேர்வு, கணினித் திரையில் நேர்காணல். ஒவ்வொன்றிலும் தன்னைக் கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று முழுசாக நம்பியதால் மூன்றிலும் பதற்றமே இல்லாமல் கலந்துகொண்டாள். அந்தப் பதற்றமின்மைதான் காலை வாரிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, அந்தப் பணிமனையிலிருந்து விண்ணப்பித்த பதினொரு பேரில் ஒரே ஒருவருக்குத் தேர்வுக் கடிதம் வந்தது. அவளுக்கு.

கடிதத்தில் இருந்த உரிம எண்ணையும் தன் உரிமத்தில் இருந்த எண்ணையும் நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். எண்கள் அசையாமல் அப்படியே இருந்தன. சந்தேகம் தீராமல், ஆள் எடுக்கும் முகவர் அலுவலகத்துக்கே போன் போட்டாள்.

"லெட்டர் வந்திருக்கு. ஒருவேளை வேற யாருக்காவது அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிட்டீங்களோன்னு கேக்கலாம்னு..."

அந்தப் பக்கம் பேசிய பெண் கடிதத்தின் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தாள். "மேடம், ஏன் எனக்கு வேலை குடுக்கலைன்னு சண்டை போட்டு தினமும் பத்து போன் வரும். ஏன் குடுத்தீங்கன்னு கேட்டு வர்ற முதல் போன் இதுதான். உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கோம். ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க."

அந்த வெள்ளிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. படிவத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். மேலே வைத்தால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ஊரே வாழ்த்தியது. அவளோ பயங்களுக்கு ஒரு வரிசையே வைத்திருந்தாள். பனியில் வண்டி வழுக்கும். மொழி தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நாட்டில் சாலையின் மறுபக்கம், அதாவது வலது பக்கம், ஓட்ட வேண்டும். இங்கே எந்தக் கையால் கியர் போடுகிறாளோ, அங்கே அந்தக் கைக்கு வேலையில்லை. பதினான்கு வருடமாக உடம்பில் ஊறிப்போனதைக் கழற்றித் திருப்பி மாட்ட முடியுமா?

அவள் கணவன் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். எந்தப் பிரச்சினையையும் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் நாற்காலிகளை அடுக்கினான்.

"இது ரோடு. நீ பஸ். நான் எதிர்ல வர்ற லாரி. நீ அந்தப் பக்கமா ஒதுங்கி வா."

கையில் ஒரு தாம்பாளத்தை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். லாரியும் வந்தது. அவள் பழக்கதோஷத்தில் பழைய பக்கமே ஒதுங்க, லாரியின் மார்பில் தாம்பாளம் மோதி வீடு முழுக்க அதிர்ந்தது.

"பரவால்ல, இன்னொரு தடவை" என்று லாரி நெஞ்சைத் தடவிக்கொண்டு பின்வாங்கியது.

மூன்றாவது மோதலில் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், கண்ணாடி போட்டவள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள். "இன்சூரன்ஸ் இருக்காப்பா" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டாள். நாற்காலிகளுக்கு நடுவிலேயே இப்படியென்றால், அறுபது பேரை ஏற்றிக்கொண்டு நிஜமான சாலையில் என்ன கதி?

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளுக்குத் தலை வாரிவிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். "நான் போகலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். உன்னை விட்டுட்டு எப்படிம்மா போறது? அடுத்த வருஷம் உனக்குப் பெரிய பரீட்சை வேற."

மகள் தலையைத் திருப்பவில்லை. "என் பேரைச் சொல்லாதீங்கம்மா."

"என்னடி சொல்றே?"

"நீங்க போகலைன்னா எனக்கு சந்தோஷம்தான். போனா அழுவேன், ஒரு வாரம் அழுவேன். ஆனா நீங்க போகாததுக்குக் காரணம் நான்னு நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்வீங்க. அது வேணாம். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடுங்க."

அம்மா பின்னலை முடித்தாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டதை மகள் சொல்லிக் காட்டவில்லை, அம்மாவே அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

மறுநாள் வியாழன். காலை ஒன்பதரை மணி நடை. விடியற்காலையில் பெய்த மழை விட்டிருந்தது. வண்டியில் நாற்பது பேர் இருந்தார்கள். நடத்துநர் அவளைவிட எட்டு வயது மூத்தவர், ஆறு வருடமாக அவளோடு ஓடுகிறவர், அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். வழக்கம்போல் முன் படிக்கட்டில் சாய்ந்துகொண்டு பயணிகளின் குடும்ப விவகாரங்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையைத் தடுத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். நிலத்தடிக் குழாய் வெடித்து, சாலை நடுவில் ஒரு காரையே விழுங்கும் அளவுக்குப் பள்ளம். நடத்துநர் பணிமனைக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்தார்.

"ஆட்களை இங்கயே இறக்கிவிட்டுத் திரும்பி வரலாமாம். இல்லைன்னா வடக்குப் பக்கம் பழைய பாலம் வழியா சுத்திப் போகலாமாம். உங்க இஷ்டம்னு சொல்லிட்டார் டைம் கீப்பர்."

"இறக்கிடலாம் அண்ணே" என்றாள் அவள், யோசிக்காமலே.

அவர் பின்னால் திரும்பிச் சொன்னதும் வண்டிக்குள் சலசலப்பு. எட்டுப் பத்துப் பேர் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். ஆனால் நீலப் புடவை கட்டிய ஒரு பெண்மணி, கையில் கனத்த காகிதக் கட்டோடு, நேராக ஓட்டுநர் இருக்கை அருகில் வந்து நின்றார்.

"நான் இறங்கினா எப்படிம்மா போவேன்? பதினோரு மணிக்குக் கோர்ட்ல இருக்கணும். ஏழு வருஷமா இழுத்த கேஸ், இன்னிக்குத்தான் தீர்ப்பு."

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். "இதை வெச்சுக்கிட்டு நான் எங்க நடக்கறது?" மடியில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியை அணைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் பாதிக்குமேல் தண்ணீர், அதில் ஆறேழு சிவப்பு மீன்கள். பணிமனை வாசலில் ஏறியதிலிருந்து அவர் நிதானத்தின் வண்டிக்காகவே இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணாடியில் எல்லா முகங்களையும் பார்த்தாள். பிறகு வாயிலிருந்து அது தானாக வந்தது. "எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியாதும்மா. பஸ்ஸை அங்க ஓட்டினதே இல்ல. பயமா இருக்கு."

சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. நீலப் புடவைக்காரர், "பழைய பாலம் வரைக்கும் எனக்குத் தெரியும்" என்றார். மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஒருவர், "அதுக்கப்புறம் எனக்குத் தெரியும், என் வீடு அங்கதான்" என்றார். நடத்துநர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "பின்னாடி நான் பார்த்துக்கறேன். நீ எடு தங்கச்சி."

எடுத்தாள்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் சுமுகம். அதன் பிறகு வண்டியில் இருந்த முப்பது பேரும் வழிகாட்டிகள் ஆனார்கள். இடது என்று நான்கு பேரும் வலது என்று ஆறு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அவள் ஆறு பேர் பேச்சைக் கேட்டாள். அந்த ஆறு பேரும் நடந்தே பழகியவர்கள் என்பது, ரயில் பாலம் ஒன்றின் கீழே போய் நின்றபோதுதான் தெரிந்தது. பாலத்தின் நெற்றியில் எழுதியிருந்த உயரம் பேருந்தின் உயரத்தைவிட ஒரு சாண் குறைவு.

திருப்ப இடமில்லை. வந்த சந்து முழுவதையும் பின்னாலேயே போயாக வேண்டும். நடத்துநர் கீழே குதித்து ஓடி, விசில் ஊதி ஊதிக் கை காட்டினார். அவள் தலையை வெளியே நீட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கை அளந்து அளந்து திருப்பி, வீட்டுப் படிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் அந்த நீளமான உடம்பைப் பின்னால் இழுத்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சந்தைவிட்டு வெளியே வந்ததும் யாரோ கை தட்டினார்கள்.

நான்கு பேர் சொன்ன திசையில் போனால் அகலமான சாலை வந்தது. ஆனால் அதன் ஒரு பக்கத்தை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் எல்லா வண்டிகளையும் தடுப்பைத் தாண்டி மறுபக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எதிரே வருகிறவர்களுக்கு நடுத் தடுப்பை ஒட்டிய பாதை. இவர்களுக்கு வலது பக்கக் கடைகளை ஒட்டிய மறு ஓரம்.

எந்தப் பக்கம் ஓட்டத் தெரியாது என்று பத்து நாளாகத் தூக்கம் கெட்டதோ, அந்தப் பக்கம். அதுவும் நிஜமான லாரிகளோடு. அவளுடைய கை வியர்த்தது. காவலர் பொறுமையில்லாமல் கையை ஆட்டினார். நுழைந்தாள்.

எல்லாம் தலைகீழாக இருந்தது. எந்தப் பக்கம் சாலை விரிந்து கிடக்க வேண்டுமோ அந்தப் பக்கம் கடை வாசல்கள் வந்து முட்டின. எந்தப் பக்கம் ஓரம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் லாரி வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, அந்த லாரிக்கும் தன் வண்டிக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நகர்ந்தாள். முழுக் கவனமும் அங்கேயே இருந்ததால், ஓரமாக நின்ற ஒரு ரொட்டி வேனைக் கொஞ்சம் மறந்துவிட்டாள்.

டப் என்று ஒரு சத்தம். வேனின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. பேருந்தின் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு ஒரு கீறல்.

வண்டியை நிறுத்தினாள். மீன்தொட்டிக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மீனுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை."

அவள் கீழே இறங்கினாள். வேன்காரர் எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரோடு ஓடி வந்தார். "கண்ணை எங்க வெச்சிட்டு ஓட்டறீங்க?"

"தப்பு என்னோடதுதான். அந்தப் பக்கம் லாரியைப் பார்த்துக்கிட்டே உங்க வண்டியைக் கவனிக்கலை. என் பேர், நம்பர், பணிமனை எல்லாம் எழுதித் தரேன். இன்னிக்கே ரிப்போர்ட் குடுத்துடுவேன், கண்ணாடியைப் பணிமனையில மாத்திக் குடுப்பாங்க."

அரை மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு, முதல் வரியிலேயே சண்டை முடிந்துபோனதில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். பேருந்தின் நீளத்தைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசை இதுக்குள்ள யாரு கொண்டு வரச் சொன்னா உங்களை" என்று மட்டும் கேட்டுவிட்டு மீதித் தேநீரைக் குடித்தார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பேருந்து நீதிமன்ற வாசலில் நின்றது. நீலப் புடவைக்காரர் நன்றிகூடச் சொல்லாமல் காகிதக் கட்டை மார்பில் அணைத்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடிய ஓட்டமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் நடத்துநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அங்க நீ எந்தப் பக்கமா ஓட்டினேன்னு உனக்குத் தெரியுதா?"

"ஒவ்வொரு அடியும் தெரிஞ்சுதான் அண்ணே ஓட்டினேன். அதான் இடிச்சிட்டேன்."

அவர் யோசித்தார். "இடிச்சப்புறமும் ஓட்டினியே, அதைக் கேக்கறேன்."

அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. வேன்காரரிடம் பேசிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தபோது, அதே மறுபக்கத்தில் இன்னும் பாதித் தூரம் பாக்கியிருந்தது. அந்தப் பாதியை எப்படி ஓட்டினாள் என்று நினைத்துப் பார்த்தால், கை வியர்த்த ஞாபகமே இல்லை. இத்தனை வருடமும் அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டவில்லை. பதிவேட்டில் இல்லாத தன் பெயரையும் ஒரு கண்ணால் காவல் காத்துக்கொண்டேதான் ஓட்டினாள். காவல் காக்க இனி ஒன்றும் இல்லை என்றானதும் இரண்டு கண்ணும் சாலைக்குக் கிடைத்தன.

பணிமனையில் அவள் விபத்து அறிக்கைப் படிவம் கேட்டபோது டைம் கீப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

சேதி காற்றாய்ப் பரவியது. ஐந்தே நிமிடத்தில் பதினேழாம் எண் பேருந்தைச் சுற்றி ஒரு கூட்டம். கீறலை ஒருவர் விரலால் தடவிப் பார்த்தார். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார். "இன்னிக்குத்தான் நீங்க டிரைவர் ஆனீங்க" என்று சொல்லி யாரோ எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். கல்யாண வீட்டுக் களை.

ஆனால் அவளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஓரமாகப் போய் முகவர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அதே பெண்தான் எடுத்தாள்.

"விண்ணப்பத்துல விபத்து எத்தனைன்னு கேட்ட இடத்துல பூஜ்ஜியம்னு போட்டிருந்தேன். இன்னிக்கு ஒண்ணு ஆயிடுச்சு. அதை மாத்தணும்."

"யாருக்காவது அடிபட்டதா மேடம்?"

"இல்ல. ஒரு வேனோட கண்ணாடி உடைஞ்சது. எங்க வண்டியில கீறல்."

"ரிப்போர்ட் பண்ணிட்டீங்களா?"

"இப்பத்தான்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல அந்த நாட்டு கம்பெனில இருந்து கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தாங்க. பதினாலு வருஷத்துல ஒண்ணுமே இல்லையா, நல்லா விசாரிங்கன்னு. நான்தான் உங்க பணிமனைக்குப் பேசி சமாளிச்சேன். இப்ப ஒண்ணுன்னு எழுதிக்கறேன். நம்பற மாதிரி இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. அந்தப் பெண் "மேடம், மேடம்" என்று இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"படிவத்தை நாளைக்குக் காலையிலயே கொண்டு வந்து குடுத்துடறேன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடமும் மகளிடமும் முழுக்கதையையும் நடித்தே காட்டினாள். கணவன் தானே வேன் ஆனான். மகள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பயம் போயிடுச்சா?" என்றாள்.

"போகலை. அப்படியேதான் இருக்கு. ஆனா பயம் இருந்தாலும் ஓட்டலாம்போல இருக்கு."

மகள் தலையாட்டினாள். அலமாரிக்குப் போய், துணிகளுக்கு அடியில் கையைவிட்டு, படிவத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அது எங்கே இருக்கிறதென்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சொன்னபடியே அவள் ஒரு வாரம் அழுதாள், ஆனால் அதை இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். கணவன் இருவருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான் என்பதால் அழுகைக்கு நடுவிலேயே அடுத்த ஒரு வருடச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் ஆரம்பமானது.

இரண்டு மாதம் கழித்து அவள் கிளம்பினாள். விமான நிலையத்தில் கட்டிடத்திலிருந்து விமானம்வரை கூட்டிப்போக ஒரு பேருந்து வந்தது. மற்றவர்கள் பெட்டிகளோடு இடம் தேட, அவள் நேராக முன்னால் போய் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அந்த மனிதர் பிரேக்கை ஒரு மிதி மிதிக்க எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நேராக நின்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எங்க போறீங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"பஸ் ஓட்டப் போறேன்" என்றாள் அவள்.

அவர் திரும்பி ஒருமுறை நன்றாகவே பார்த்தார். பிறகு விமானத்தின் ஏணிப்படிவரை, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.